நவாவிலிருந்து வந்த உணவு: இமாம் நவவியின் வாழ்வும் எழுத்தும்



1277-ஆம் ஆண்டு சிரியாவில் ஆறு மாத இடைவெளியில் இருவர் காலமானார்கள். முதலாமவர் சுல்தான் ழாஹிர் பைபர்ஸ். அடிமையாக விலைபோனவர், படைத்தலைவராக உயர்ந்து, ஐன் ஜாலூத் போர்க்களத்தில் மங்கோலியரை முறியடித்த படையில் முன்னின்றவர், எகிப்தையும் சிரியாவையும் 17 ஆண்டுகள் ஆண்டவர். அவர் ஜூலையில் டமாஸ்கஸ் நகரில் இறந்தார். உமய்யா பள்ளிவாசலுக்கு அருகே, மொசைக் சித்திரங்கள் பதித்த சுவர்களுக்குள் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது. இரண்டாமவர் 44 வயது நிரம்பிய ஓர் ஆசிரியர். டிசம்பரில், ஹவ்ரான் சமவெளியில் உள்ள நவா என்ற சிற்றூரில், தந்தையின் வீட்டில் இறந்தார். மனைவி மக்கள் இல்லை. சொத்து என்று சொல்ல எதுவும் இல்லை.

அந்த ஆசிரியர்தான் அபூ ஸகரிய்யா யஹ்யா இப்னு ஷரஃப். ஊர்ப்பெயரால் நவவி என்று அழைக்கப்படுபவர். ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ இல்லாத தமிழ் முஸ்லிம் வீட்டு நூலடுக்கு குறைவு. அவர் தொகுத்த நாற்பது ஹதீஸ்களில் நாலைந்தையாவது ஒப்பிக்காமல் மத்ரஸாவைத் தாண்டிய பிள்ளையும் குறைவு. அவ்வளவு பழகிய பெயர் என்பதாலேயே அந்த மனிதரை நாம் சரியாகப் பார்ப்பதில்லை என்பது இந்த உரையின் மனக்குறை. நவவியின் எழுத்து எப்படி அமைந்தது என்று அறிய வேண்டுமானால், அவர் யாருடைய உணவைச் சாப்பிட்டார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இந்த உரை அந்த வழியில்தான் போகிறது.

நவவியைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி ஒரே மாணவரின் தயவு. அலாவுத்தீன் இப்னுல் அத்தார் என்ற அந்த மாணவர் ஆசிரியரின் கடைசி ஆறு ஆண்டுகளில் நிழலாகக் கூடவே இருந்து, பிறகு அவருடைய வாழ்க்கையை எழுதிவைத்தார். டமாஸ்கஸ்வாசிகள் இந்த மாணவருக்கு ‘முக்தஸருன் நவவி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். சுருக்கப்பட்ட நவவி! பெரிய நூல்களைச் சுருக்கிப் புகழ்பெற்ற ஆசிரியருக்கு மாணவரும் ஒரு சுருக்கப் பதிப்பாகவே அமைந்தார் என்று அந்த ஊர் சிரித்திருக்க வேண்டும்.

ஹிஜ்ரி 631-இல், அதாவது 1233-இல், நவவி பிறந்தார். தந்தை ஷரஃப் கடை வைத்திருந்தார். பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது மற்ற பிள்ளைகள் விளையாட்டுக்கு இழுத்தார்கள். அவனோ அழுதுகொண்டே ஓடி, அந்த ஓட்டத்திலும் குர்ஆன் ஓதினான். அதைப் பார்த்த ஷைகு யாஸீன் மர்ராகுஷி என்ற பெரியவர், பையனைக் கவனமாக ஓதவைக்கும்படி உஸ்தாதிடம் சொன்னார். தந்தை கடையில் உட்காரவைத்தபோதும் வியாபாரத்தில் பையன் மனம் ஒட்டவில்லை. பெரியவர்களின் இளமைக் கதைகள் ஒரே அச்சில் வார்க்கப்படுவது எல்லா மொழியிலும் வழக்கம்தான். ஆனால் கடைக்காரத் தந்தை என்ற தகவலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறுபடியும் வருவார்.

ஹிஜ்ரி 649-இல், பதினெட்டு வயதில், தந்தை அவரை டமாஸ்கஸுக்கு அழைத்துவந்தார். ரவாஹிய்யா மத்ரஸாவில் ஓர் அறை கிடைத்தது. ஷாஃபிஈ ஃபிக்ஹில் ஷீராஸி எழுதிய ‘தன்பீஹ்’ என்ற நூலை நாலரை மாதத்தில் மனப்பாடம் செய்தார். அதே ஆசிரியரின் ‘முஹத்தப்’ நூலில் கால் பங்கை அந்த ஆண்டின் மீதி நாட்களில் முடித்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் படுக்கையில் விலா சாய்த்துத் தூங்கவில்லை என்று அவரே மாணவரிடம் சொல்லியிருக்கிறார். தூக்கம் மீறினால் கிதாபின் மேல் சாய்ந்து ஒரு கணம் கண்ணயர்வது, உடனே விழித்துக்கொள்வது.

ஒருநாளில் பன்னிரண்டு பாடங்கள். கஸ்ஸாலியின் ‘வஸீத்’ நூலில் இரண்டு, ‘முஹத்தப்’ ஒன்று, ஸஹீஹ் முஸ்லிம் ஒன்று, இப்னு ஜின்னியின் இலக்கணம், இப்னுஸ் ஸிக்கீத்தின் சொல்லாராய்ச்சி நூல், சொல்வடிவ இலக்கணம், சட்டத்தின் மூலக்கோட்பாடு, ஹதீஸ் அறிவிப்பாளர்களின் வரலாறு, கொள்கை விளக்கம் என்று நீளும் பட்டியல் அது. ஒவ்வொரு பாடத்திலும் சிக்கலான இடத்துக்கு விளக்கம், மயக்கம் தரும் சொல்லுக்கு உயிர்க்குறி ஆகியவற்றைத் தம் கையாலேயே ஓரத்தில் எழுதிக்கொண்டார். பின்னாளில் அவர் எழுதிய எல்லாவற்றிலும் இந்த ஓரக்குறிப்பு எழுதிய மாணவனைக் காணலாம். வாசிப்பவன் எங்கே தடுக்கி விழுவான் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். தாமே அங்கே விழுந்து எழுந்தவர்.

இடையில் மருத்துவம் படிக்கவும் ஆசை வந்தது. இப்னு ஸீனாவின் ‘கானூன்’ நூலை விலைக்கு வாங்கினார். சில நாட்களில் மனம் இருண்டுபோனது. எந்த வேலையும் ஓடவில்லை. காரணம் புரிந்ததும் நூலை விற்றுவிட்டு, மருத்துவம் தொடர்பான எல்லாவற்றையும் அறையிலிருந்து அப்புறப்படுத்தினார். இந்த நிகழ்ச்சியைச் சொல்லி, மார்க்கக் கல்விக்கு மருத்துவம் பகை என்று பேசுவோர் உண்டு. அது நியாயமில்லை. மருத்துவமும் கணக்கும் சமுதாயம் கட்டாயம் கற்றுவைத்திருக்க வேண்டிய கடமைகள் என்று ‘ரவ்ளத்துத் தாலிபீன்’ என்ற தம் சட்டநூலில் எழுதியவரும் இதே நவவிதான். தம் மனத்துக்கு ஒவ்வாதது ஊருக்கும் ஆகாது என்று அவர் சொல்லவில்லை.

இனி சாப்பாட்டுக்கு வருவோம்.

மாணவப் பருவத்தில் மத்ரஸா கொடுத்த ரொட்டிப் படியே அவருக்கு உணவு. பிறகு அதையும் விட்டார். நவாவிலிருந்து பெற்றோர் அனுப்பிய காய்ந்த ரொட்டியும் ஹவ்ரான் அத்திப்பழமும் போதும் என்று ஆயிற்று. ஒருநாளைக்கு ஒருவேளை, இஷா தொழுகைக்குப் பின் சாப்பாடு. ஸஹர் நேரத்தில் ஒருமுறை தண்ணீர். டமாஸ்கஸ் அக்காலத்தில் பழத்தோட்டங்களின் நகரம். சுற்றியிருந்த கூத்தா வெளியெங்கும் தோப்புகள். அந்தப் பழங்களில் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. ஏன் என்று மாணவர் கேட்டபோது வந்த பதில் ஒரு சட்ட அறிஞரின் பதிலாகவே இருந்தது. இங்கே வக்ஃபு நிலங்கள் அதிகம். அநாதைகளுடைய, காப்பாளரின் பொறுப்பில் இருப்போருடைய சொத்துகளும் அதிகம். அவர்களுக்கு முழு நன்மை தரும் வகையிலேயே அவற்றைக் கையாள வேண்டும். தோப்பு வாரத்துக்கு விடும் முறையிலோ அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. பிறகு மனம் எப்படி நிம்மதியாகச் சாப்பிடும்? அறக்கட்டளையொன்றின் பெயரால் நடக்கும் இந்தக் கூட்டத்தில், கணக்குச் சரியில்லாத அறக்கட்டளையின் பழத்தைத் தின்ன மறுத்தவரைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் சங்கடமான பொருத்தம்தான்.

ஹிஜ்ரி 665-இல், வரலாற்றாசிரியர் அபூ ஷாமா இறந்ததும், அஷ்ரஃபிய்யா ஹதீஸ் கல்லூரியின் தலைமை நவவியிடம் வந்தது. அய்யூபி மன்னர் அஷ்ரஃப் மூஸா நிறுவிய இந்தக் கல்லூரியின் முதல் தலைவர், ஹதீஸ் கலைக்கு இலக்கணம் வகுத்த இப்னுஸ் ஸலாஹ். அத்தகைய நாற்காலி. அதற்குரிய ஊதியத்தில் ஒரு காசும் அவர் சாப்பாட்டுக்குப் போகவில்லை. சேர்ந்த தொகை நூல்களாக மாறிக் கல்லூரிக்கே வக்ஃபு ஆனது. முரட்டுத் துணி உடை, சின்னத் தலைப்பாகை. ‘முஹ்யித்தீன்’, அதாவது மார்க்கத்துக்கு உயிரூட்டியவர், என்று ஊர் கொடுத்த பட்டத்தையும் அவர் வெறுத்தார். அப்படி அழைப்பவரை மன்னிக்க மாட்டேன் என்றே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஊர் கேட்கவில்லை. இன்றுவரை அவருடைய நூல்களின் முகப்பில் அந்தப் பட்டம் அச்சாகிறது.

பைபர்ஸுக்கும் அவருக்கும் நேர்ந்த மோதலை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். மங்கோலியர் 1258-இல் பாக்தாதை அழித்தார்கள். 1260-இல் டமாஸ்கஸுக்குள் நுழைந்தார்கள். அவர்களை விரட்டிய மம்லூக் அரசுக்குப் போர்ச்செலவு முடிவில்லாமல் இருந்தது. சுல்தானின் கை மக்களின் மடிக்கு நீண்டது. கூத்தாவின் தோட்டங்களை அரசு முடக்கியது. உரிமைப் பத்திரம் காட்டினால்தான் நிலம் உங்களுடையது என்றார்கள். தலைமுறை தலைமுறையாக உழுதவன் பத்திரத்துக்கு எங்கே போவான்? நவவி கடிதம் எழுதினார். ஒருவர் கையில் அனுபவமாக இருக்கும் சொத்து அவருடையதே, அதற்கு அவரிடம் ஆதாரம் கேட்க முடியாது என்பது அதன் சாரம்.

மழை பொய்த்து விலை ஏறிய ஓர் ஆண்டில், மக்களின் சுமையைக் குறைக்கும்படி மற்ற அறிஞர்களோடு சேர்ந்து இன்னொரு கடிதம் போனது. சுல்தானிடமிருந்து காரமான பதில் வந்தது. மங்கோலியர் ஆண்டபோது வாய்மூடி இருந்தவர்கள்தானே நீங்கள் என்ற குத்தல் அதில் இருந்தது, மிரட்டலும் இருந்தது. நவவியின் மறுமொழியை இப்னுல் அத்தார் அப்படியே பாதுகாத்திருக்கிறார். இஸ்லாமிய அரசர் ஒருவர் தம்மை மங்கோலியரோடு ஒப்பிட்டுக்கொள்வது எப்படித் தகும் என்று அவர் கேட்கிறார். பொதுக்கருவூலத்தில் பொருள் இருக்கும்வரை மக்களிடம் பிடுங்கக் கூடாது என்கிறார். போர் எல்லார் மீதும் கடமை என்ற வாதத்துக்கு, கருவூலத்தில் ஊதியம் பெறும் படை இருக்கையில் மற்றவர்கள் உழவையும் தொழிலையும் பார்ப்பதே முறை என்று ஃபிக்ஹு நூலின் நிதானத்தோடு விடை சொல்கிறார். மிரட்டல் தம்மைத் தடுக்காது என்பதையும் ஆர்ப்பாட்டமில்லாமல் தெரிவித்துவிடுகிறார்.

இந்தக் கதைக்கு இன்னும் நாடகத்தனமான வடிவம் ஒன்று உண்டு. மேடைப் பேச்சாளர்களுக்கு மிகப் பிடித்தது. போர்வரி வசூலிக்க சுல்தான் ஃபத்வா கேட்கிறார், எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்கள், நவவி மறுக்கிறார். காசில்லாத அடிமையாக வந்த உங்களிடம் இன்று ஆயிரம் அடிமைகள், ஆளுக்கொரு பொன் அரைப்பட்டிகை. அந்தப்புரப் பெண்களிடம் நகைப்பெட்டிகள். அதையெல்லாம் செலவழித்த பிறகு வாருங்கள், வரிக்கு ஃபத்வா தருகிறேன் என்கிறார். ஊரைவிட்டு வெளியேறச் சொல்கிறார் சுல்தான். இதைச் சொல்பவர் 1505-இல் இறந்த ஸுயூத்தி. நிகழ்ச்சி நடந்து இரண்டு நூற்றாண்டுக்குப் பின் வாழ்ந்தவர். கூடவே இருந்த மாணவர் பாதுகாத்த கடிதங்களுக்குத்தான் வரலாற்றில் எடை அதிகம். அவை பொன் பட்டிகைக் கதையைவிட அடக்கமானவை, ஆனால் சட்டத்தின் வலிமை கொண்டவை.

இன்னொரு குறிப்பும் வழங்கிவருகிறது. கோபம் கொண்ட சுல்தான், இந்த ஆளின் மானியங்களையும் பதவிச் சம்பளத்தையும் நிறுத்துங்கள் என்றாராம். நிறுத்துவதற்கு எதுவும் இல்லையே என்றார்கள். அப்படியானால் எதைச் சாப்பிடுகிறார்? தந்தை நவாவிலிருந்து அனுப்புவதை. கடைக்காரர் ஷரஃப் அனுப்பிய காய்ந்த ரொட்டிக்கு முன்னால் ஓர் அரசின் கருவூலம் கையாலாகாமல் நின்ற இடம் அது.

இதே சுதந்திரம் அவருடைய எழுத்துக்குள்ளும் இருக்கிறது. அதைப் பார்க்க ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ நூலைத் திறக்க வேண்டும். ஹிஜ்ரி 669-இல் முடித்தது. கஸ்வீன் நகரத்து இமாம் ராஃபிஈ எழுதிய ‘முஹர்ரர்’ நூலின் சுருக்கம். மூலத்தில் பாதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது தம் எண்ணம் என்று முன்னுரையிலேயே சொல்கிறார். மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு எளிதாக இருக்க வேண்டுமல்லவா? சுருக்கம் என்றால் நம்மூரில் தேர்வுக்கு முதல்நாள் புரட்டும் உரைநூல் நினைவுக்கு வரும். நவவி செய்தது வேறு காரியம்.

ஷாஃபிஈ மத்ஹபில் ஒரே கேள்விக்குப் பல விடைகள் குவிந்திருந்தன. இமாம் ஷாஃபிஈ பாக்தாதில் சொன்னது ஒன்று, பிறகு எகிப்தில் மாற்றிச் சொன்னது இன்னொன்று. அவர் வழிவந்தவர்கள் ஊகித்தது வேறு. எது யாருடையது, எது வலுவானது என்று ஒவ்வோர் இடத்திலும் விளக்கினால் நூல் வீங்கிவிடும். நவவி சொற்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார். ‘அழ்ஹர்’ என்றால் இமாமின் சொந்தக் கூற்றுகளுக்குள் வலுவானது, எதிர்க்கருத்தும் வலுவுள்ளது. ‘மஷ்ஹூர்’ என்றால் அதுவும் இமாமின் கூற்றே, ஆனால் எதிர்க்கருத்து பலவீனமானது. ‘அஸஹ்ஹு’, ‘ஸஹீஹ்’ இரண்டும் பின்வந்த சீடர்களின் கருத்துகளுக்கு. அவற்றுக்குள்ளும் அதே ஏற்றத்தாழ்வு. ‘ஜதீத்’ என்றால் எகிப்துக் கருத்து. ‘கீல’ என்றால் பலவீனமான ஒரு சீடர் கருத்து. ஒரே சொல்லில் சொன்னவர் யார், எதிர்த்தரப்பின் எடை என்ன, தீர்ப்பு எது என்று மூன்று செய்திகள் அடங்கிவிடுகின்றன. தோற்ற கருத்தையும் அவர் மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கு எவ்வளவு மரியாதை உண்டோ அவ்வளவும் அந்தச் சொல்லிலேயே கிடைத்துவிடுகிறது.

அடுத்தவர் நூலைச் சுருக்கும்போது சொந்தக் கருத்தை எங்கே வைப்பது? நவவி வேலி போட்டுக்கொண்டார். தம் திருத்தம் வரும் இடத்தில் ‘குல்து’, அதாவது ‘நான் சொல்கிறேன்’, என்று தொடங்குவார். முடிந்ததும் ‘வல்லாஹு அஃலம்’, அல்லாஹ்வே மிக அறிந்தவன், என்று மூடுவார். இரண்டு குறிகளுக்கும் இடைப்பட்டது அவருடையது. வெளியே இருப்பது ராஃபிஈயுடையது. மேற்கோள் குறி இல்லாத காலத்தில் இவ்வளவு நேர்மை. ராஃபிஈயின் மற்றொரு பெருநூலை ‘ரவ்ளத்துத் தாலிபீன்’ என்று சுருக்கியபோதும் இதே ஒழுங்குதான். பின்வந்தோர் இருவரையும் சேர்த்து ‘ஷைகான்’, இரு ஆசான்கள், என்று குறிப்பிட்டார்கள். இருவரும் ஒத்துப்போனால் மத்ஹபின் தீர்ப்பு அது. வேறுபட்டால் நவவியின் பக்கம் என்பது வழக்காகிவிட்டது.

‘மின்ஹாஜ்’ அதன்பின் ஒரு பெரிய குடும்பத்துக்கு மூதாதை ஆனது. மஹல்லியின் உரை, இப்னு ஹஜர் ஹைத்தமியின் ‘துஹ்ஃபா’, ரம்லியின் ‘நிஹாயா’, கதீப் ஷிர்பீனியின் ‘முக்னி’ எல்லாம் அதன் விளக்கங்கள். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை, மலபார் ஊர்களில் ஓதிக்கொடுக்கப்படும் கிதாபுகளில் பல இந்த வழியில் வந்தவை. பொன்னானி ஸைனுத்தீன் மக்தூமின் ‘ஃபத்ஹுல் முஈன்’ நூலில் நவவியின் பெயர் அடிக்கடி வரும். ஜாவாவை ஆண்ட டச்சுக்காரர்களுக்கும் இந்த நூல் தேவைப்பட்டது. 1880-களில் வான் டென் பெர்க் என்ற அதிகாரி அரபு மூலத்தையும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் பத்தாவியாவில் அச்சிட்டார். அரசனின் வரியை எதிர்த்து எழுதியவரின் நூலைக் குடியேற்ற அரசு தன் நீதிமன்றங்களுக்காக அச்சுப்போட்டது வரலாற்றின் குறும்பு.

பொதுவாசகருக்கு அவர் எழுதியவை வேறு வகை. ஹிஜ்ரி 670-இல் முடித்த ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் சுமார் 1,900 ஹதீஸ்கள். பெரும்பாலான தலைப்புகளில் முதலில் குர்ஆன் வசனங்கள், பிறகு ஹதீஸ்கள், தேவைப்பட்டால் அருஞ்சொல்லுக்குப் பொருள். ஆசிரியரின் குரல் ஏறக்குறைய இல்லை. ஆனால் எதை எதற்கு அடுத்து வைக்கிறார் என்பதில் அவர் இருக்கிறார். நிய்யத்தில் தொடங்கி, பாவமன்னிப்பு, பொறுமை என்று அகத்தைச் சீர்செய்துவிட்டுத்தான் உணவு, உடை, பயணம் என்று புறத்துக்கு வருகிறார். ‘அர்பஊன்’ நூலில் நாற்பது என்று பெயர் வைத்து 42 ஹதீஸ்கள் தந்தார். அதன் கருவும் முழுக்க அவருடையதல்ல. மார்க்கத்தின் அடித்தளமான ஹதீஸ்களைத் திரட்டும் வேலையை இப்னுஸ் ஸலாஹ் தொடங்கிவைத்திருந்தார். நவவி அதை நிறைவாக்கினார்.

பலருக்குத் தெரியாத இன்னொரு கைவேலை உண்டு. ஸஹீஹ் முஸ்லிமில் இன்று நாம் வாசிக்கும் பாடத் தலைப்புகளை இமாம் முஸ்லிம் எழுதவில்லை. பெரும்பாலும் நவவியின் விரிவுரையிலிருந்து வந்தவை. அடுத்த முறை அந்த நூலைப் புரட்டும்போது தலைப்புக்கு ஒரு கணம் கொடுங்கள்.

இவ்வளவு எழுதியவர் எழுதியதை அழிக்கவும் அஞ்சவில்லை. ஒருமுறை தம் கையால் எழுதிய ஏறக்குறைய ஆயிரம் தாள்கட்டுகளை இப்னுல் அத்தாரிடம் கொடுத்து, தாள்கடையில் விற்றுவிடும்படியும், மை முழுவதும் கழுவப்படும்வரை அங்கேயே நின்று பார்க்கும்படியும் சொன்னார். மாணவர் அப்படியே நின்றார். ஆசிரியர் சொல்லை மீறவில்லை, ஆனால் அந்த ஏக்கம் மனத்தில் இன்னும் இருக்கிறது என்று எழுதுகிறார். தாள் வீணாகாமல் அடுத்தவருக்குப் பயன்பட்டது, எழுத்து போய்விட்டது. அவற்றில் என்ன குறை கண்டார் என்பது அவரோடு மறைந்தது.

முடிக்க நேரமில்லாமல் போனது ‘மஜ்மூஃ’. ‘முஹத்தப்’ நூலுக்கான பேருரை. மற்ற மத்ஹபுகளின் கருத்துகளையும் ஆதாரங்களோடு எடைபோடும் நூல். வணிக இயலில் வட்டி பற்றிய பகுதிவரை வந்து நின்றது. அச்சில் அதுவே ஒன்பது தொகுதிகள். தகீயுத்தீன் ஸுப்கி தொடர்ந்தார், அவராலும் முடியவில்லை. ஸுப்கி சாமானியரல்லர்; டமாஸ்கஸின் தலைமை நீதிபதி. அஷ்ரஃபிய்யாவில் நவவி அமர்ந்த விரிப்பின் மீது இரவு நேரத்தில் முகத்தை வைத்துத் தேய்ப்பார் என்று அவருடைய மகன் எழுதியிருக்கிறார். கடைசியில் இருபதாம் நூற்றாண்டில் எகிப்தின் நஜீப் முத்தீஈதான் அந்த உரையை நிறைவுசெய்தார். நூல் நிறைவடைந்தது, ஆனால் எழுதியவரின் கல்லறை நிலைக்கவில்லை: நவாவில் இருந்த நவவியின் அடக்கத்தலத்தை 2015 ஜனவரியில், உள்நாட்டுப் போரின் நடுவே, ஆயுதக் குழுவொன்று வெடிவைத்துத் தகர்த்தது.

‘மஜ்மூஃ’ நூலின் முன்னுரையைப் பற்றி இங்குள்ள ஆலிம்களிடம் ஒரு வேண்டுகோள். கற்பவர், கற்பிப்பவர், ஃபத்வா கொடுப்பவர், கேட்பவர் ஆகிய நால்வருக்குமான ஒழுங்குகளை நவவி அதில் விரிவாக எழுதியிருக்கிறார். கோபத்திலும் பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் தீர்ப்புச் சொல்லாதே என்கிறார். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லப் பழகு என்கிறார். கேள்வித்தாளில் வரிகளுக்கிடையே வெற்றிடம் இருந்தால், பின்னால் எவரும் எதையும் சேர்த்து எழுதிவிடாதபடி அதை நிரப்பிவிட்டே பதில் எழுது என்றுகூடச் சொல்கிறார். தொகுதிகளுக்குள் புதைந்து கிடக்கும் அந்த நூற்றுச் சொச்சம் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, மத்ரஸா மாணவரும் கல்லூரிப் பேராசிரியரும் ஒருசேரப் படிக்கக்கூடிய தெளிந்த தமிழில், மலிவு விலையில் தனி நூலாகக் கொண்டுவாருங்கள். இரண்டு மூன்று ஆலிம்கள் கூடி உட்கார்ந்தால் ஓராண்டு வேலை. இந்த அறக்கட்டளையின் அடுத்த வெளியீடாகவே அது அமையலாம்.